அவனுக்குச் சூடு சொரணை இல்லை

எங்கள் வீட்டில் ஓவனை எல்லோரும் 'அவன்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீடு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அது என் மாமனார் வீடு. வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும் மனைவி மகளோடு இங்கே வந்து இறங்கினேன். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும்தான் மாமா" என்றேன். அந்த 'வரைக்கும்' இன்னும் வந்தபாடில்லை.

அன்று என் மகளுக்குப் பிறந்தநாள். காலையில் டீ டம்ளரோடு சமையலறை வாசலுக்குப் போனபோது, மாமியார் என் மனைவியிடம் அலுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த அவனுக்குச் சூடு சொரணையே இல்லடி. இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கிறதத் தவிர என்ன பிரயோஜனம், சொல்லு?"

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ மாப்பிள்ளை, நான் ஓவனச் சொன்னேன்!" என்றார். பிறந்ததிலிருந்து அவர் அந்தச் சொல்லை அவ்வளவு திருத்தமாக உச்சரித்தது அன்றுதான். என் மனைவி சிரிப்பை அடக்கப் பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டாள். அத்தை சொன்னது ஓவனைத்தான், எனக்குத் தெரியும். தெரிந்தும் டீயைக் குடிக்காமல் டம்ளரை மேடையில் வைத்துவிட்டேன்.

உண்மையில் அந்த ஓவனுக்குச் சொரணை கூடுதல். உள்ளே பின்சுவரில் பென்சில் பருமனில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் எவ்வளவு சூடு என்று பார்த்துச் சொல்கிற சென்சார். எங்களுடையது, வெதுவெதுப்பு வருவதற்குள்ளேயே ஐயோ கொதிக்கிறதே என்று பதறி, முகப்பில் ஒரு எழுத்தைக் காட்டி, கீகீ என்று கத்தி அணைந்துவிடும். யாரும் ஒன்றும் சொல்லாதபோதே சுட்டதாகப் பதறுகிற ஆள் இந்த வீட்டில் நானும் உண்டு என்பதால் அதன் மீது எனக்கு ஒரு பாசம்கூட இருந்தது.

"சென்சார் போயிடுச்சு, நானே மாத்திடறேன்" என்று போன வாரம் அறிவித்திருந்தேன். இரண்டு வீடியோ பார்த்த தைரியம். இரண்டிலும் முதலில் மீட்டர் வைத்து, கம்பி உண்மையிலேயே கெட்டதா என்று சோதித்தார்கள். அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டேன்.

"ஆளைக் கூப்பிட்டுடலாங்க" என்றாள் மனைவி, பாத்திரத்தைத் துடைத்தபடி. "அக்காவும் அத்தானும் வராங்க. அத்தான் முன்னாடி வேணாங்க."

அத்தான் என்றால் என் சகலை. பெரிய இடத்தில் மேனேஜர். சகலை முன்னால்தான் எனக்கு வேண்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காரியம், இந்த வீட்டில் என்னால் நடந்தது என்று இருக்க வேண்டும். மகள் தோழிகளிடம் "எங்கப்பா சரி பண்ணி, அம்மா சுடற கேக்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஓவனை இழுத்து, பின் தகட்டைக் கழற்றி, பழைய கம்பியை எடுத்துப் புதிதைப் போட்டேன். அதன் ஒயரை அங்கே தொங்குகிற பிளக்கில் சொருக வேண்டும். 'டக்' என்று சத்தம் வரும் என்றார்கள் வீடியோவில். வரவில்லை. உட்கார்ந்த மாதிரி இருந்தது, எனக்கு அது போதும். சகலை குடும்பம் வந்து சேர்ந்ததும், எல்லோரையும் சமையலறைக்கு அழைத்துச் சுவிட்சைப் போட்டேன். என் திமிரைப் பாருங்கள், யாரும் கேட்காமலே கூட்டம் சேர்த்தேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் கீகீ.

"அவன் உங்களைக் கூப்பிடறான் சகலை" என்றார் சகலை. எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. மகள் மாவுக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கேக் வராதாப்பா?"

"புதுசே டூப்ளிகேட் போல. கடைக்குப் போய் மாத்திட்டு வந்துடறேன்" என்று மேசையிலிருந்த கம்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் இறங்கிவிட்டேன்.

தெருமுனை தாண்டியதும்தான் பையைப் பார்த்தேன். பழைய கம்பி. மாற்ற வேண்டிய புதிது ஓவனுக்குள்ளேயே இருந்தது. திரும்பிப் போய் எடுக்கலாம். கால் வரவில்லை. விட்டால் போதும் என்று கிளம்பிய கால் அது.

ஆனாலும் கடைக்குப் போனேன், வேறு போக்கிடம் இல்லை. கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு சார்? இத ஏன் கழட்டினீங்க?"

எனக்கு முகம் எரிந்தது.

"ஒயர் பிளக்க உத்துப் பாத்தீங்களா? உள்ள பின்னு ஒண்ணு பின்னால தள்ளிப் போயிருக்கும். முழுசாத் தொடாது. சென்சார எத்தனை மாத்தினாலும் அப்படியேதான் கத்தும்."

"பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை. கூசாமல் வந்த பொய். கடையை விட்டு இறங்கியபோது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு, அந்தப் பின்னை இழுத்துச் சரிசெய்யலாம் என்று நடந்தேன்.

கேட்டைத் திறக்கும்போதே கேக் வாசனை வந்தது.

"எங்க போய்ட்டீங்க இவ்வளவு நேரம்?" என்று மனைவி ஓடி வந்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்து நாளாகிவிட்டது. "நீங்க போனதும் நாங்க முன்னறைக்குப் போய்ட்டோம். அப்பா மறுபடி போட்டுப் பாத்தாராம், ஓடுதுங்க! புது சாமான் செட் ஆகக் கொஞ்ச நேரம் எடுக்குமாம். நீங்க மாட்டினதெல்லாம் கரெக்டாம்."

மாமாவைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வலது கையைப் பாக்கெட்டில் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"பரவாயில்லையே சகலை, கைவேலை தெரியுதே!" என்று தோளில் தட்டினார் சகலை. கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். அத்தை எனக்கு முதல் துண்டு எடுத்து வைத்தார். மகள் தோழிகள் நடுவே நின்று, "எங்கப்பா பண்ணினது" என்று என்னைக் காட்டினாள். இத்தனை நாளாய் ஏங்கிய மரியாதை. வாயில் வைத்த கேக் மண்ணாக இருந்தது.

மாமாவுக்குத் தட்டை நீட்டினார்கள். இடது கையால் வாங்கினார்.

"என்னங்க இது, இடது கையில?" என்றார் அத்தை.

"சும்மாதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "கையைக் குடுங்க மாமா" என்றேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். நானே இழுத்தேன். இரண்டு விரல் நுனியிலும் வெள்ளையாகக் கொப்புளம்.

அத்தை பதறினார். "எப்படிங்க சுட்டுது?"

"கேக் தட்ட எடுக்கறப்போ..."

"தட்ட எடுத்தது நானாச்சேப்பா" என்றாள் என் மனைவி.

அவள் கண் மாமாவின் கையிலிருந்து மெல்ல என் பக்கம் வந்தது. காலையில் அத்தை சொன்ன வார்த்தை இரண்டாகப் பிரிந்து எனக்கு முன்னால் கிடந்தது. சூடு அவருக்குப் பட்டுவிட்டது. சொரணையாவது எனக்கு வர வேண்டாமா?

"சென்சார் கெடவே இல்ல" என்றேன். "பின்னாடி பிளக்குதான். நான் அதப் பாக்கவே இல்ல. பின்னால கைய விட்டுச் சரி பண்ணி, ஓவன் சூடேறுற வரைக்கும் அதப் பிடிச்சிட்டிருந்தது மாமா."

"விடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "குழந்தைக்கு எதுக்கு இதெல்லாம்?"

குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தோழிகளை ஒரு முறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தாத்தா வீட்டிலேயே சரி பண்ணிட்டாருன்னா, நீங்க எதுக்குப்பா கடைக்குப் போனீங்க?"

"ஓடிப் போயிட்டேன்டா குட்டி" என்றேன்.

சகலை சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்து தட்டிலிருந்த கேக்கைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர்கூடச் சிரிக்காததுதான் என்னால் தாங்க முடியவில்லை.