நயினார் வண்டிக்குப் பவர் ஸ்டீரிங்

ஜஹாங்கீரை என் கொட்டகைக்குள் கொண்டுவந்து விட்டது வேறு யாருமில்லை, நானேதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப் இருந்தது. பாதி இடம் சும்மாதானே கிடக்கிறது என்று ஐம்பத்துமூன்றாம் வருஷம் அவனுக்கு வாடகைக்கு விட்டேன். யுத்த காலத்தில் ஈஜிப்து வரைக்கும் போய் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன், குடிக்க மாட்டான், அதிகம் பேச மாட்டான், கையில் நல்ல வேலை இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தனையும் உண்மையாக இருந்ததுதான் என் கெட்ட நேரம்.

என் மனைவி ராஜாத்தி, வீட்டு ஸ்டவ் புகைகிறது என்று மூன்று மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் லாரியெல்லாம் பார்க்கிறவனுக்கு ஸ்டவ்வா பெரிது என்று நானும் நாளைக் கடத்தினேன். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு வந்தவள், என்னைத் தாண்டிப் போய் அதை ஜஹாங்கீர் முன்னால் வைத்துவிட்டாள். நான் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் அவன் அதைச் சரிபண்ணி நீல ஜுவாலை வரவைத்துக் காட்டினான்.

"பாய் கையில இன்னாமோ கீதுய்யா" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டவ்வில் போட்ட காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இதெல்லாம் சில்லறை விஷயம். நயினார் வண்டியில்தான் எனக்கு வயிறு நிஜமாக எரிந்தது.

ஆறுமுகநயினாருக்கு எண்ணூரில் உப்பளம். ஐந்து லாரியும் ஒரு பிக்கப்பும் வைத்திருந்தார். எட்டு வருஷமாக அத்தனை வண்டிக்கும் நான்தான் மெக்கானிக். அந்த வேலை போனால் எனக்குக் கொட்டகையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிக்கப், ராணுவம் கழித்துவிட்ட பழைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். முகத்துவாரக்குப்பத்து மணலில் மாட்டு வண்டியே திணறுகிற இடத்தில் அது பாட்டுக்குப் போய்வரும். அதை மட்டும் நயினார் எந்த டிரைவர் கையிலும் கொடுக்க மாட்டார். அவரே ஓட்டுவார்.

அதற்கு முந்தின வருஷம் உப்பு மூட்டை அடுக்கு சரிந்து அவருடைய வலது தோள் முறிந்துபோனது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. அந்த வண்டியின் ஸ்டீரிங்கோ இரண்டு கையும் திடமாக இருக்கிறவனுக்கே நாக்குத் தள்ளும். மணலில் ஓட்டுவதற்காக டயரில் காற்றைக் குறைத்தால் இன்னும் மோசம்.

"நோகாமத் திருப்புற மாதிரி செஞ்சு குடு, சுப்பராயா. இல்லாட்டி வித்துடறேன்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் இருந்து கழற்றிய பெரிய ஸ்டீரிங் வீலை மாட்டிப் பார்த்தேன். முன் அச்சில் புஷ்ஷெல்லாம் புதிதாகப் போட்டேன். நயினார் கொட்டகை வாசலிலேயே ஒரு திருப்பம் திருப்ப முயன்று, தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"இதுக்கு மேல ஒன்னும் பண்ண முடியாது மொதலாளி" என்றேன்.

அந்தப் பக்கம் அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்த ஜஹாங்கீர் தலையைத் தூக்கினான். "பண்ணலாம் மொதலாளி."

வண்ணாரப்பேட்டை காயலாங்கடை ஒன்றில் யுத்தத்தில் ஓடிய கவச வண்டியை உடைத்துப் போட்டிருக்கிறார்களாம். அதில் பவர் ஸ்டீரிங் இருக்கிறதாம். என்ஜின் ஒரு பம்பைச் சுற்றும், பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக ஒரு சிலிண்டருக்குப் போய்ச் சக்கரத்தைத் தள்ளும். "நீங்க எந்தப் பக்கம்னு காட்னா போதும். மிச்சத்த எண்ணெ பாத்துக்கும்" என்றான்.

நயினார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது மட்டும் நடந்துச்சுன்னா பாய், இனிமே என் வண்டி எல்லாமே உன் கையிலதான்" என்றார். எட்டு வருஷம்! நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் அவன் வேலை செய்தான். ஒரு மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பைத் தாங்குகிற இரும்பை அவன் வளைத்தபோது அது விரிசல் விட வேண்டும் என்று வடிவுடையம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அம்மன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நைனா, இத்தக் கொஞ்சம் புடி" என்று நடுநடுவே என்னைக் கூப்பிடுவான். மறுக்கவா முடியும்? பிடித்தேன். எனக்குக் குழி வெட்டுகிறவனுக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

கடைசி வேலை ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. ஹோஸ் மாட்டி, எண்ணெய் ஊற்றி, பெல்ட்டும் போட்டாகிவிட்டது. என்ஜினைப் போட்டுப் பார்ப்பதுதான் பாக்கி. மூன்று மணிக்கு நயினார் வருவதாக ஏற்பாடு. ஜஹாங்கீர் குழாயடியில் குளித்து வெள்ளை உடுத்திக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினான்.

"தொழுதுகினு வந்து ஸ்டார்ட் பண்றேன் நைனா. அதுவரைக்கும் வண்டிய நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும் நான் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

இரண்டு ஹோஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே நீளம், ஒரே அளவு நட்டு. அதை இதிலும் இதை அதிலும் மாட்டிவிட்டால் கதை முடிந்தது. வலப்பக்கம் திருப்பினால் எண்ணெய் இடப்பக்கம் தள்ளும், வீல் கையைப் பிடுங்கிக்கொண்டு கடைசி வரைக்கும் சுழலும். ஒரு மாதமாக அவனுக்குப் பிடித்துக் கொடுத்ததில் அந்த அளவுக்கு நானும் கற்றுக்கொண்டிருந்தேன். ஸ்டார்ட் பண்ணப் போகிறவன் அவன்தானே, நயினார் முன்னால் மானம் போகும், அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹோஸை மாற்றி மாட்டினேன். சிந்திய எண்ணெய் மேல் மணலைத் தூவினேன், குறைந்த எண்ணெயை ஊற்றினேன். நிஜத்தைச் சொன்னால், அந்த மாதத்தில் நான் சந்தோஷமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

கையைத் துடைக்கப் பழந்துணி தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர் நயினார். மணி இன்னும் இரண்டு ஆகவில்லை.

"வூட்ல உக்கார முடியலடா, சுப்பராயா. பாய் எங்க?"

"ஜும்மாவுக்குப் போய்க்கீறாரு மொதலாளி."

"வரட்டும், வரட்டும். நான் ஒரு தரம் பாத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து வலது கையை எடுத்து வீல் மேல் வைத்தார். அந்தக் கையை!

வீல் பிடுங்கினால் அந்தத் தோள் எலும்பு இந்தத் தடவை ஒன்றுசேராது. எனக்கு அது தெரியும். வேண்டாம் மொதலாளி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாரே. என்ன சொல்வேன்? அவர் ஸ்டார்ட்டரை மிதித்தார்.

என்ஜின் உறுமியது. அதே நேரம் தெருவில் ஜஹாங்கீர் ஓடிவருவதைப் பார்த்தேன். தொப்பி ஒரு கையில், தூக்கிப் பிடித்த கைலி ஒரு கையில். "மொதலாளி! தொடாதீங்க! ஸ்டீரிங்கத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்தான். என்ஜின் சத்தத்தில் நயினாருக்குக் கேட்கவில்லை. அவர் வீலைத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். நயினார் வலது கை ஒற்றை விரலை வீலுக்குள் விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தார். முன் டயர் இரண்டும் மண்ணை அரைத்துக்கொண்டு சொன்னபடி திரும்பின. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜஹாங்கீர் வெள்ளை உடுப்போடு அப்படியே மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் போனான். வெளியே வந்தவன் என் கையைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் எண்ணெய்.

"என்ஜின ஆஃப் பண்ணுங்க மொதலாளி, ஒரு விசயம் சொல்லணும்" என்றான். அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "நான் தப்பாப் பண்ட்டேன். பொகக் கொழா இடிக்குதுன்னு சிலிண்டரத் திருப்பி வெச்சேன். திருப்பி வெச்சா ஹோஸையும் மாத்திப் போடணும். பழைய அடையாளத்தப் பாத்து அப்படியே மாட்டிட்டுப் பூட்டேன். தொழுகையில நிக்கசொல்லோதான் உறைச்சுது. அல்லா மன்னிக்கணும், பாதியில என் புத்தி இங்க வந்துடுச்சு. உங்க கை போயிருக்கும் மொதலாளி. நைனா பாத்து மாத்திக்கீறாரு. என் பேரு கெடக்கூடாதுன்னு உங்க கிட்டக்கூட வாய் தொறக்கல பாருங்க."

சிலிண்டரை அவன் திருப்பி வைத்தபோது விளக்கு பிடித்தது நான்தான். அந்தத் தப்பு என் கண்ணிலும் படவில்லை. இதை அங்கே நான் சொல்லவில்லை.

நயினார் இறங்கிவந்து என் தோளைப் பிடித்தார். "எட்டு வருசமா எனக்குத் தெரியுமே உன்ன. இனிமே எல்லா வண்டியும் ரெண்டு பேருமாச் சேர்ந்து பாருங்க" என்றார். எட்டு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தலையை ஆட்டினேன். அவர் தானே ஓட்டிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போனார்.

போகவிருந்த வேலை திரும்ப வந்துவிட்டது. பேரும் வந்துவிட்டது. ஜஹாங்கீர் ஒரு பழந்துணியை எடுத்துவந்து என் கையைத் துடைக்க ஆரம்பித்தான். விடு என்றால் கேட்கவில்லை.

"உன் எடத்துல நான் இருந்தா இத்த செஞ்சிருப்பேனான்னு தெரியல, நைனா" என்றான்.

செய்திருப்பான். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவன் ஸ்டவ்வைச் சரிபண்ணட்டும், பவர் ஸ்டீரிங் மாட்டட்டும், நயினார் வண்டி எல்லாவற்றையும் அவனே வைத்துக்கொள்ளட்டும். இந்த நல்ல மனசை மட்டும் என்னால் அவனிடம் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.