உள்ளே வைத்த வேலை

இறந்துபோனவரின் மேசையைக் காலி செய்ய அவர் மனைவி வந்திருந்தார். அலுவலகம் கணவருக்கு வைத்த பெயர் 'பொறுமை'. எந்தப் பிழையைக் காட்டினாலும் "பொறுமை, பொறுமை" என்பார். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு நாள் பாதியில் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. இருபது நாளாகிறது.

சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பெண் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோப்பை, மூக்குக்கண்ணாடிக் கூடு, நாற்காலி முதுகில் கிடந்த துண்டு.

"ஒண்ணு கேக்கணும் தங்கச்சி" என்றார் மனைவி. "ஆஸ்பத்திரில குழந்தைங்களுக்கு மருந்து அளவு கூடிட்டா எச்சரிக்கிற புரோகிராம். கடைசி வாரம் பூரா சோறு தண்ணி இல்லாம அதுலயே கிடந்தாரு. முடிச்சிட்டேன்னாரு. உங்க மேனேஜர் போன்ல, அவர் தொடவே இல்லைங்கிறாரு. எங்கிட்ட எதுக்கு அவர் பொய் சொல்லணும்?"



அங்கே எல்லாரும் கன்டெய்னருக்குள்தான் புரோகிராம் எழுதுவார்கள். ஒரே குறிப்பைக் கொண்டு ஆளுக்கொன்றாக, கணினிக்குள் எழுப்பிக்கொள்ளும் அச்சு அசலான பணியறை அது. கெட்டுப்போனால் கலைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் புதிதாக எழுப்பலாம். ஒரே ஒரு சட்டம்தான்: எழுதியதை வெளியே இருக்கும் பொது ஃபோல்டரில் வைக்க வேண்டும், உள்ளே வைத்தது கன்டெய்னரோடு போய்விடும். ஆனால் அந்த ஃபோல்டர் ஆமையாக நகரும். பொறுமைக்கே பொறுமை போய், எல்லாவற்றையும் உள்ளே நகலெடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஓட வைத்து இவளுக்குக் காட்டவும் செய்தார்.

"பாத்தியா, உள்ள வச்சா பறக்குது. நாளைக்கு வெளிய எடுத்து வச்சிடுறேன். அதுவரைக்கும் காட்டிக் குடுத்துடாதே, தாயே."

மறுநாள்தான் அவர் பாதியில் கிளம்பிப் போனது.

அடுத்த வாரம் டிஸ்க் நிரம்பி சர்வர் திணறியது. ஓடாமல் நிற்கும் கன்டெய்னர்களை மொத்தமாக நீக்கும் கட்டளையை அடித்தாள். நிச்சயம்தானா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். நிறைய இடம் கிடைத்த நிம்மதியில் தேநீர் எடுத்துக்கொண்டாள். பாதிக் கோப்பையில்தான் நினைவு வந்தது: நீக்கியவற்றில் பொறுமையின் கன்டெய்னரும் இருந்தது.

மேனேஜர் பொது ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "மனுஷன் ஒரு வரிகூட எழுதலையே" என்று கூட்டத்தில் சொன்னபோது அவள் வாயில் கொழுக்கட்டை வைத்தவளாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா" என்றாள் இப்போது. "அவர் பொய் சொல்லல. முடிச்சிட்டாரு. ஓடினத என் கண்ணால பாத்தேன். நான்தான் அழிச்சிட்டேன்."

மனைவி துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"திரும்ப எடுக்க முடியாதா?"

"தேடிப் பாத்துட்டேன். முடியாது."

"வேணும்னா பண்ணின?"

"இல்லக்கா. மறந்துட்டேன். ஆனா தெரிஞ்சப்புறம், அவர் எழுதவே இல்லைன்னு மேனேஜர் கூட்டத்துல சொன்னப்பவும் வாயத் தொறக்காம இருந்தது... அது வேணும்னுதான்."

மனைவி துண்டைக் கோப்பையின் மேல் வைத்து அமுக்கினார்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு அவரத் தெரியும்" என்றார். "கூட்டத்துல கேட்டவங்க எத்தனை பேரு?"

"பதினோரு பேரு."

"அத்தனை பேரும் இப்ப இருக்காங்களா?"

"ரெண்டு பேர் லீவு."

"அவங்களுக்கு எழுதி அனுப்பு. மத்தவங்களக் கூப்பிடு."

அவள் அட்டைப்பெட்டியோடு திரும்பினாள். மனைவி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இத நான் வச்சிருக்கேன். நீ முன்னால போ."