லாரன்ஸின் சாட்சி

மந்தைவெளியில் உள்ள அந்த ஜெபசபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். லாரன்ஸ் மட்டும் வாயைத் திறந்ததில்லை. கோடம்பாக்கத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போன பெயிண்டருக்கு என்ன சாட்சி இருக்கும்? செருப்புகள் கிடக்கும் வாசலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் நன்மைகளுக்கெல்லாம் அல்லேலூயா சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான்.

ஆரம்பத்தில் சபையே அவனைச் சூழ்ந்து நின்று ஜெபித்தது. கால் அசையவில்லை. "விசுவாசம் பத்தல பிரதர்" என்றார் பாஸ்டர், நல்ல எண்ணத்தோடுதான். நல்ல எண்ணத்தோடு சொன்னால் வலிக்காதா என்ன? தாய்வீட்டுக்குப் போன மனைவி திரும்பவில்லை. சபையில் கைகுலுக்குகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

போன செவ்வாய்க்கிழமை குளியலறையில் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தான். போன் கட்டிலில் கிடந்தது. கத்திக் கூப்பிட்டான், பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஈரத் தரையில் கிடந்தபடியே ஆண்டவரைத் திட்ட ஆரம்பித்தான். வேலை செய்த இடங்களில் கற்ற கெட்ட வார்த்தை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. தொண்டை வறண்டு ஓய்ந்தபோது, அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு யாரோ இன்னும் போகாமல் பக்கத்திலேயே இருப்பதுபோல் இருந்தது. அழுதான். பிறகு முழங்கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து கட்டில்வரை வந்து சேர்ந்தான்.

இதைச் சாட்சி என்று சொல்லலாமா என்று வாரம் முழுக்க யோசித்தான். சொல்லாமல் விட்டால் அந்தத் தரையில் நடந்ததை நாளைக்கு நாமே நம்பமாட்டோம் என்று பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கினான்.

"பாஸ்டர், எனுக்கு ஒரு சாட்சி கீது."

அவ்வளவுதான். சபைக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்: கால் குணமாகிவிட்டது. கீபோர்டு முழங்கியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து, அக்குளில் கைகொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். கால்கள் துவண்டு தொங்கின.

"உக்கார வைப்பா. கால் அப்டியேதான் கீது" என்றான் லாரன்ஸ். கீபோர்டு பாதியில் நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "செவ்வாக்கெழம கீழ வுழுந்துட்டேன். கர்த்தர கன்னாபின்னான்னு திட்டுனேன். என்கூட இருந்தவங்க எல்லாம் பூட்டாங்க. அவுரு போவல. அதான் சாட்சி."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லாரன்ஸ் பிரதரோட கால்களுக்காக எல்லாரும் கண்ண மூடி ஜெபிப்போம்" என்றார். சபை பழைய வேகத்தில் ஜெபிக்கத் தொடங்கியது.

லாரன்ஸும் கண்ணை மூடினான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் காலைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"இங்க ஒரே சத்தமா கீது" என்றான் மெதுவாக. "நீ வூட்டுக்கு வா, ஆண்டவரே. பேசிக்கினு இருக்கலாம்."