அக்கரைக்கு ஓர் அட்டை

“இது வேணாம். இது குலை தள்ளிடுச்சி. கன்னி வாழைக் கன்னா பாருடி” என்றாள் கன்னியம்மாள் அத்தை, கையில் அரிவாளோடு.

இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் அண்ணன் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருக்கிறான், புழக்கடையில் தங்கச்சி அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் அவனிடம்தான் போய்ச் சொல்லியிருப்பாள். அவனும் சும்மா இருந்திருக்க மாட்டான், ‘பொண்ணு கொஞ்சம் ஒசரம்டி’ என்று ஏதாவது சொல்லியிருப்பான். தொண்டைவரை வந்த சிரிப்பு வெளியே வரும்போது வேறு சத்தமாகிவிட்டது. அத்தை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினாள்.

நேற்றுக் காலை கோகுல்ராஜ் சேவூர் ரோட்டில் வண்டியோடு சறுக்கி விழுந்தான். லாரி இல்லை, பஸ் இல்லை, எதிரில் ஒரு ஆள்கூட இல்லை. யாரோ ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். போஸ்ட்மார்ட்டம் முடிந்து இன்று காலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கல்யாணம் ஆகாமல் போகிற ஆண்பிள்ளைக்கு வாழையைக் கட்டிவைத்துத்தான் அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். பலராமன் சித்தப்பாவுக்கும் இதே புழக்கடையில்தான் நடந்தது. அப்போது இளமதி இடுப்புக் குழந்தை. கோகுல் சின்னப் பையன், கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தானாம். அன்றைக்கு முடிச்சுப் போட்டவள் அத்தை.

“மொத முடிச்சு மாப்பிள்ளையோடது. ரெண்டாவதும் மூணாவதும் கூடப் பொறந்தவ போடணும். நீதான்டி போடணும்.”

“போட்டா?”

“போட்டா நிம்மதியா போயிடுவான். இல்லன்னா போறதுக்கு வழி தெரியாம இந்த வீட்டையே சுத்திகினு இருப்பான்.”

சுத்திக்கொண்டு இருக்கட்டுமே என்று நினைத்தாள் இளமதி. யாருக்கு என்ன நஷ்டம்? அவன் வீடுதானே இது?

அம்மா தனக்கோடி புடவையோடு வந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லாரும் அதைப்பற்றித்தான் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அரக்கு நிறப் பட்டு, கரை முழுக்கச் சின்னச் சின்னப் படகுகள். பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் கரை டிசைன் போடுவது கோகுலின் வேலை. இந்த ஒரு டிசைனை மட்டும் எந்தக் கடைக்கும் கொடுக்காமல், தனக்கு வரப்போகிறவளுக்கு என்று ஒரே ஒரு புடவை நெய்து வாங்கி வைத்திருந்தான். அம்மா அதை வாழைக்கு, மருமகளுக்குக் கட்டிவிடுகிற மாதிரியே கொசுவம் பிடித்துக் கட்டினாள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பெண் தலை குனிந்து நிற்கிற மாதிரியே இருந்தது. காற்று இல்லை. மேலே ஒரு இலை மட்டும் ஆடியது.

சடங்கு செய்ய வந்த வேடியப்பன் மஞ்சள் கயிற்றைக் கோகுலின் விரல்களில் வைத்து எடுத்துவந்து முதல் முடிச்சைப் போட்டார். இளமதி இரண்டாவதைப் போட்டாள். குக்கர் மூடி சுட்டு மணிக்கட்டில் பிறை மாதிரி விழுந்த தழும்பு, வாழைத்தோலின் பச்சையில் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. மூன்றாவதற்குக் கயிற்றைச் சுற்றினாள், இழுக்கிற மாதிரி இழுத்தாள், நுனியைப் புடவைக்குள் சொருகிவிட்டாள். வாசலில் மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது.

“ஆச்சா பாப்பா?” என்றார் வேடியப்பன்.

“ஆச்சி.”

அவர் அவள் கையை ஒருதரம் பார்த்துவிட்டு அரிவாளை ஓங்கினார். ஒரே வெட்டு. வாழைத்தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது, அப்படி ஒரு ஜில்லிப்பு.

வெட்டிய வாழையோடு பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். இளமதி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு நின்றபோது கோகுலின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததிலிருந்து அதை அவள் கையை விட்டு இறக்கவில்லை. வாசலில் ஒரு டெலிவரி ஆள் வண்டியை நிறுத்திவிட்டு, தெருவில் கிடந்த பூவை மிதிக்கவும் முடியாமல் தாண்டவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

“கோகுல்ராஜ் சாருங்களா? ஒரு ஓடிபி வந்திருக்கும்க்கா. சார் இல்லீங்களா?”

“இப்பதான் போறாரு.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. “ஐயோ, பேஜாரா போச்சே. நான் நாளைக்கி வரேங்க்கா.”

“இருங்க” என்று விரிசல் விட்ட திரையில் வந்திருந்த எண்ணைப் படித்துச் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பெங்களூரிலிருந்து வந்திருந்தது. என்னவென்று பிரிக்காமலே தெரியும்.

பகலில் புடவைக்கரை, மற்ற நேரமெல்லாம் கார்டு, இதுதான் கோகுல். அங்கே ஒரு சின்ன கம்பெனி ‘இருள்கோட்டை’ என்று ஒரு சீட்டு விளையாட்டைத் தமிழில் போட்டிருந்தது. பாதாள ராஜா, பறக்கும் குதிரை, சூனியக்காரி என்று ஆளுக்கு ஒரு படை. படங்களில் பாதி அவன் வரைந்தது. தெருவில் இருக்கிற முகமெல்லாம் அதில் வேறு வேஷத்தில் வரும். சூனியக்காரி சாட்சாத் கன்னியம்மாள் அத்தைதான், அத்தைக்குத்தான் தெரியாது. கைகள் எல்லாம் இளமதியின் கைகள். தோற்ற கார்டு குப்புற ஒரு ஓரமாகப் போய்விழும். அந்த அடுக்குக்குப் பெயர் சுடுகாடு. அங்கே போனால் போனதுதான். இளமதியின் நரிக்குட்டி எப்போதும் முதல் ஆளாக அங்கே போய்விடும், அவளும் சண்டை பிடிப்பாள்.

“ஒண்ணாவது திரும்பி வரக்கூடாதாண்ணா?”

“வரும். அடுத்த செட்டு ‘அக்கரை’ன்னு போடறாங்க. அதுல உனக்குன்னே ஒரு கார்டு கேட்டு வாங்கியிருக்கேன்.”

“இன்னா கார்டு?”

“பாக்கெட்ட பிரிச்சி நீயே பாரு. ஆனா சும்மா எதுவும் வராதுடி. ஒண்ணு வந்தா ஒண்ணு போவணும். இல்லன்னா ஆட்டமே கெட்டுடும்.”

அவன் அறைக்குப் போய், அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்தாள். உள்ளே ஜிகினாத் தாளில் பாக்கெட்டுகள், புது மை வாசனை. முதல் பாக்கெட்டில் ஓடக்காரன், கரையில் எரியும் விளக்கு, சங்கு ஊதுகிற ஒரு கிழவன். அதற்கு அடியில் ஒரு கார்டு. நீளமான ரோடு, ரோடு முழுக்கத் தங்கம் மாதிரி நெல். ஆள் இல்லை. நடுவில் ஒற்றைச் செருப்பு. கீழே, ‘இதன்மேல் வருபவர் சறுக்கி வெளியேறுவார்’ என்று இருந்தது.

அவள் அதைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள். சேவூர் ரோட்டில் வருஷா வருஷம் நெல் காயப் போடுகிறார்கள், அவன் தினம் பார்த்தான், வரைந்தான். இதில் என்ன இருக்கிறது? தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். அடுத்த பாக்கெட்டைப் பிரித்தாள்.

அதில்தான் அந்த மணப்பெண் இருந்தாள். வாழை உடம்பு, அரக்குப் புடவை, கரையில் படகுகள், தலைக்கு மேல் ஒரு இலை. கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் இரண்டு முடிச்சு. மூன்றாவது முடிச்சு இல்லை. நுனியைப் பின்னாலிருந்து ஒரு கை புடவைக்குள் சொருகிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு. இளமதியின் கையை அவன் எத்தனையோ தடவை போட்டோ எடுத்திருக்கிறான், கயிற்றோடு எடுத்ததே இல்லை.

‘வாழை மணப்பெண்’ என்று மேலே போட்டிருந்தது. கீழே:

‘மூன்றாம் முடிச்சு விழாதவரை, சுடுகாட்டிலிருந்து ஓர் அட்டையை வீட்டுக்கு அழைக்கலாம். அழைத்தவர் வீட்டிலிருந்து ஓர் அட்டை அக்கரைக்குப் போகும். எது என்பது அழைத்தவர் கையில் இல்லை.’

வாசலில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. ஆண்கள் திரும்பிவிட்டார்கள். விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். கடைசியாக அப்பா சிவப்பிரகாசம் வந்தார். வாசலில் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே ஏறினார். கால் கட்டைவிரலில் ரத்தம்.

“இன்னாப்பா ஆச்சி?”

“ஆத்தங்கரை பைப்புல குளிக்க சொல்ல பாசி வழுக்கிடுச்சிம்மா. வேடியப்பன் புடிச்சான். இல்லன்னா என் மண்டையும் போயிருக்கும்.”

என் மண்டையும். ‘அண்ணா, நான் சும்மா நெனச்சேன். யாரையும் கேக்கல’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இளமதி புழக்கடைக்கு ஓடினாள். அங்கே வேலிப் படலுக்கு வெளியே வேடியப்பன் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

“பாப்பா, அங்கிருந்து எதையும் வீட்டாண்ட எடுத்தாரக் கூடாது. தெரிஞ்சேதான் எடுத்தாந்தேன்.” இலைச்சுருள் ஒன்றைப் படலுக்கு மேலாக நீட்டினார். “வெறகுல வெக்க சொல்ல வாழையில இருந்து உருவிகினு வந்து என் காலாண்ட விழுந்துச்சி. ரெண்டு முடிச்சிதான் இருக்குது. உங்க அப்பாவாண்ட நான் ஒண்ணும் சொல்லல. நீயே முடிச்சிடு தாயி.”

பிரித்துப் பார்த்தாள். மஞ்சள் கயிறு, ஒரு ஓரத்தில் சாம்பல். சுடுகாட்டிலிருந்து ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

வெட்டிய வாழைக்கட்டை உள்குருத்தைத் தள்ளும், அது அதன் சுபாவம், அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் மதியம் வெட்டியது இருட்டுவதற்குள் ஒரு சாண் ஏறியிருந்தது. வெளிறிய பச்சையில், வழவழவென்று, யாரோ கழுத்தை நீட்டிப் பார்ப்பது போல நின்றது.

கயிற்றை அதன்மேல் மாட்டினாள். மூன்றாவது முடிச்சுக்குச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் அவன் வண்டியை எடுக்கும்போது அவள் வாசலில் வந்து சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. வாய் பழக்கத்தில் அதையே ஆரம்பித்தது.

“போய்ட்டு…”

அதோடு நிறுத்தினாள். அப்புறம் “போ” என்றாள். இழுத்து முடிச்சைப் போட்டாள். கட்டையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே வந்தபோது கோகுலின் அறையில் லைட் எரிந்தது. அம்மா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து புழக்கடை முழுக்கத் தெரியும். கையில் அந்தக் கார்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் மாதிரி உதடு அசைந்தது.

“அவன் போட்ட கரைதானே இது? அப்பிடியே இருக்குது.”

“ஆமாம்மா. குடு, வெக்கறேன்.”

அம்மா கொடுக்கவில்லை. “வீட்டுல இருந்து ஒருத்தர் போனா, போனவங்க வந்துடுவாங்களா?”

“வெளையாட்டும்மா அது. சும்மா வெளையாட்டு.”

“ம்” என்றாள் அம்மா.

அம்மாவைப் பிடித்து இழுத்து இரண்டு வாய் கஞ்சி குடிக்கவைத்தார்கள். குடித்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இளமதி அவள் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

விழித்தபோது விடிந்திருந்தது. பால் தெளிக்கப் போகிற ஆண்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அம்மா இல்லை.

புழக்கடைக் கதவு திறந்திருந்தது. அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, வழித்து வாரி, வெளியூருக்குக் கட்டுகிற நீலப்புடவையைக் கட்டியிருந்தாள். மடியில் மஞ்சள் பை. வந்தவாசிக்குத் தாய்வீடு போகிற நாளில் எல்லாம் அவள் இப்படித்தான், பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் இருக்கும்போதே தயாராகி இந்தப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ‘அம்மா, பஸ்ஸு நம்ம புழக்கடைக்கு வராதும்மா’ என்று கோகுல் ஓட்டுவான்.

எதிரே குருத்து இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. கயிறும் அதோடு ஏறியிருந்தது. மூன்றாவது முடிச்சு அவிழ்ந்து, நுனி சுருள் சுருளாகத் தொங்கியது.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“எங்கயும் இல்ல. பால் அடுப்புல இருக்குது, பொங்கிடப் போவுது. போய்ப் பாருடி.”

இளமதி போகவில்லை. அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மாவின் முந்தானையை எடுத்துத் தன் கையில் சுற்றினாள், இன்னொரு சுற்று சுற்றினாள், இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“கசங்குதுடி, விடு” என்றாள் அம்மா, வாழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.