போயெனும் பின்னால் வந்த லாரியும்

என் கணவன் போயெனுக்கு மலையேற்ற சைக்கிள் போட்டி என்றால் உயிர். மலைக்குத்தான் போயெனைக் கண்டால் ஆகாது. இரண்டு வருடமாக பூலி ஊரிலிருந்து வூலிங் மலை உச்சிக்கு சைக்கிளில் கிளம்புகிறான், இரண்டு வருடமும் லாரியில் வந்து இறங்குகிறான். நேரத்துக்குள் ஏற முடியாதவர்களை வழியிலேயே ஏற்றிக்கொள்ள, கூட்டத்தின் கடைசியில் ஒரு லாரி ஊர்ந்து வரும். போன வருடம் அதன் டிரைவர், "வாங்கண்ணே, உங்க இடத்துல யாரையும் உக்கார விடல" என்று வரவேற்றாராம். இதை வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொன்னான்.

இந்த வருடம் ஐயா சபதம் செய்தார். பிள்ளைகள் இரண்டும் நூடுல்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என்னைப் பார்த்து, "இந்தத் தடவையும் லாரின்னா சைக்கிள வித்துடறேன். ஞாயித்துக்கிழமை வீட்டத் தாண்ட மாட்டேன், போதுமா?" என்றான்.

போதுமாவா? ஞாயிறு தோறும் இவன் விடியும் முன் மலைக்குப் போய்விடுவான். நீச்சல் வகுப்பு, தடுப்பூசி, காய்கறிச் சந்தை, பூங்காவில் எங்கள் சின்னவன் கைலே யாரோ பையனின் மூக்கைக் கடித்த பஞ்சாயத்து, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். ஆகவே இந்தப் போட்டிக்குக் குடும்பத்தோடு போவதற்கு நானே முதல் ஆளாகப் பை கட்டினேன். என் ஆதரவு முழுவதும் லாரிக்குத்தான்.

போட்டிக்காரன் எடை பார்ப்பான். சைக்கிள் மணியைக் கழற்றினான், கால் மயிரை மழித்தான், இரண்டாவது தண்ணீர்ப் பாட்டில் பாரம் என்றான். முதல் நாள் சாயங்காலம் பூலி சந்தையில் பன்றிக்கறிச் சோறு இரண்டு கிண்ணம் தின்றது மட்டும் பாரமில்லை.

அப்புறம் அந்தப் பச்சை பாக்கெட். சமர்த்தாக இரு என்று அர்த்தம் வருகிற பெயர் போட்ட, தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரி. ஸின்ச்சுவில் இவன் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் மெஷினுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் மெஷின் முரண்டு பிடிக்காதாம். பச்சைதான் வைக்கவேண்டும், மஞ்சள் வைத்தால் மெஷின் தூங்கிவிடும். தேதி தாண்டக்கூடாது. பிரிக்கக்கூடாது. தின்றால் தொலைந்தது. இவ்வளவும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கூடிக் கடைப்பிடிக்கிற சட்டம்.

சைக்கிளில் வைத்தால் எடை கூடும் என்பதால், பாக்கெட் எங்களோடு காரில் வரும் என்று ஏற்பாடு. அதன் மேல் 'உச்சி வரை மக்கர் பண்ணாதே' என்று பேனாவால் எழுதி, ஏழு வயது மகள் ருய்ஷியின் மடியில் வைத்தான்.

"அக்காதான் காவல். சரியா?"

"சரி பா. நான் கண்ணையே மூட மாட்டேன்" என்றாள் ருய்ஷி.

பாதையை அடைப்பதற்கு முன் கார்கள் மேலே போய்விட வேண்டும். அதனால் அவனைப் புறப்படும் இடத்தில் இறக்கிவிட்டு இருட்டோடு கிளம்பினோம். ஊர் தாண்டுவதற்குள் காவல்காரி குறட்டை விட்டாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நாலு வயது கைலே வாந்தி எடுத்தான். நிறுத்தித் துடைத்தேன், சட்டை மாற்றினேன். அடுத்த வளைவில் மாற்றின சட்டையிலும் எடுத்தான். காரின் ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் நாற்றம். போயென் இந்நேரம் பூலியில் நின்று, புறப்படும் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பான்.

கொஞ்சதூரம் போனதும் வயிறு காலியானவனுக்குப் பசி வந்துவிட்டது. பின்னாலிருந்து மொறு மொறு என்று சத்தம். கண்ணாடியில் பார்த்தால் கைலே வாயெல்லாம் பொரித்தூள்.

"டேய்! என்ன திங்குற?"

"பொரி."

"எந்தப் பொரிடா?"

"சமத்துப் பொரி. நான் சமத்தா இருக்கேன் மா."

நான் போட்ட கத்தலில் ருய்ஷி எழுந்துவிட்டாள். மடியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், ஊளையிட ஆரம்பித்தாள்.

"போச்சு! எல்லாம் போச்சு! பாவோட செயின் அந்துடும்! பிரேக் புடிக்காது! பா பள்ளத்துல விழுந்துடுவாரு, உன்னாலதான்!"

"ருய்ஷி, வாய மூடு. பொரிக்கும் செயினுக்கும் என்ன சம்பந்தம்?"

"பா சொன்னாரு! பா இன்ஜினியர்! நீ இன்ஜினியரா?"

கைலே மிச்சப் பொரியைப் பாக்கெட்டுக்குள் திருப்பிப் போட்டு, வாயை இறுக்கிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். உச்சி வரை அந்தப் பிடியை விடவே இல்லை. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவன் தின்னாமல் வந்தது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

மேலே கடை போட்டிருந்தவரிடம் போய், வெட்கத்தை விட்டு, பச்சை பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மஞ்சள்தான் இருக்கு அக்கா. வீட்டுக்காரர் போட்டியில இருக்காரா?"

"ஆமா."

"அப்ப மஞ்சள் வேணாம்" என்று அவரே பாக்கெட்டைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டார். சுட்ட சாஸேஜ் வாங்கினேன். கைலே தொடவே இல்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கடைசி வளைவில் போய் நின்றோம். பனிமூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தொடை கல் மாதிரி இருந்த இளவட்டங்கள் போனார்கள், பெண்கள் போனார்கள், காது கேட்கும் கருவி மாட்டிய ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே போனார். நம்மாளைக் காணோம். ஒலிபெருக்கியில், "எல்லையை மூட இன்னும் கொஞ்ச நேரந்தான்!" என்று ஒரு பெண் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கும் உற்சாகம்தான். அடுத்த ஞாயிறு மதியம் வரை தூங்குவதாக மனதுக்குள் திட்டமே போட்டுவிட்டேன்.

அப்போது வந்தான். முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது, வாய் தொங்கிவிட்டது. பின்னாலேயே லாரி, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, பொறுமையாக. அதன் மேலே போர்வை சுற்றிய தோற்றவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனால் வளைவைத் தாண்டினால் எல்லைக்கோடு. மிதித்தால் போய்விடலாம். பாவி, இந்த வருடம் போய்விடுவான் போலிருந்தது.

"மிதி பா! மிதி! விடாத!" என்று ருய்ஷி குதித்தாள்.

கைலே என் கையை உதறிக்கொண்டு சாலை ஓரத்துக்கு ஓடினான். சுருட்டிய பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினான்.

"பா! நான் தின்னுட்டேன்! சைக்கிள் ஒடஞ்சிடும்! எறங்கு பா! பள்ளத்துல விழாத பா!"

போயென் தலையைத் தூக்கினான். எல்லைக்கோட்டைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றிவிட்டான்.

மூன்று வருடமாக இந்த மனிதன் சைக்கிளை விட்டு இறங்கமாட்டானா என்று ஏங்கியவள் நான். அவன் இறங்கினான். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"ஏறு! ஏறித் தொலை! என் மூஞ்சிய என்ன பாக்குற, மிதி!"

ஏனென்றால் கைலேயின் முகத்தை நான் பார்த்துவிட்டேன். இவன் இன்று லாரியில் ஏறினால், அது தன்னால்தான் என்று அந்தக் குழந்தை நம்பிவிடும். ஆயுசுக்கும் நம்பும். அப்பனை மாதிரி டாக்டர் பட்டம் வாங்கினாலும் நம்பும். என் ஞாயிற்றுக்கிழமை நாசமாய்ப் போகட்டும், இவன் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

போயென் ஏறத்தான் பார்த்தான். அந்தச் சரிவில், அந்தக் காலை வைத்துக்கொண்டு முடியவில்லை. ஒரு தடவை மிதித்துச் சாய்ந்தான், மறுபடி மிதித்துச் சாய்ந்தான். நான் போய்ச் சீட்டைப் பிடித்தேன்.

"அக்கா, தள்ளக்கூடாது! தள்ளுனா கணக்குல சேராது!" என்று லாரி டிரைவர் தலையை நீட்டினார். நல்ல மனுஷன், வண்டியை நகர்த்தாமல் நிறுத்தியே வைத்திருந்தார். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும், "மிதிண்ணே! மிதிண்ணே!" என்று தகரத்தைத் தட்டினார்கள்.

மூன்றாம் தடவை போயென் ஏறிவிட்டான், மிதித்தான், வளைந்து வளைந்து போனான். அவன் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஒலிபெருக்கிப் பெண் எண்ணி முடித்துவிட்டாள். கொடி விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். போயென் கோட்டைத் தாண்டிச் சைக்கிளோடு சரிந்து உட்கார்ந்தான்.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கைலே பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்றான்.

"என்னாலதான் பா."

போயெனுக்கு மூச்சே வரவில்லை. என்ன சொல்லப்போகிறானோ என்று அவன் வாயையே பார்த்தேன். பொரியெல்லாம் சும்மா கதை என்று சொன்னால் பையன் நம்பமாட்டான். ருய்ஷி விடவும் மாட்டாள்.

அவன் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றிவிட்டான். சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது.

"இங்க வா. செயின் அந்துதா?"

"இல்ல."

"பிரேக்கு?"

"புடிக்குது."

"அப்புறம் என்னடா? பாக்கெட்டு மெஷினுக்குத்தான். மெஷின் சமத்தாத்தான் வந்துச்சு, நீ தின்னும் வந்துச்சு. மக்கர் பண்ணது பாதான். பா நோஞ்சான், அவ்ளோதான்."

கைலே சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். செயினை இழுத்துப் பார்த்தான். அவனுடைய அக்காவும் குனிந்து சோதித்துவிட்டு, "ஆமா, மெஷின் ஓகே" என்று தீர்ப்பளித்தாள். அப்புறம்தான் பையன் அப்பனின் மடியில் ஏறி, வியர்வைச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மூன்று வருடத்தில் ஒரு நாளாவது நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்று துடித்தவன், பிள்ளைக்கு முன்னால் சிரித்துக்கொண்டே தன்னை நோஞ்சான் என்கிறான். சபதத்தில் ஜெயித்தவள் நான். மலை உச்சியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

"சொன்னது சொன்னதுதான். நாளைக்கே விளம்பரம் குடுத்துடறேன்" என்றான், பிள்ளையின் தலைக்கு மேலே என்னைப் பார்த்து.

"வித்துப்பாரு, கால ஒடிச்சிடறேன்" என்றேன்.