உப்புவாசலின் தோணிக்காரி

சவரிராஜுக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை மத்தியானம், சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருக்கும் போர்ட் கேம் கஃபேயின் படியில் பாதி ஏறியிருந்தான். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதில் ஜோனத்தனின் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த காலத்திலிருந்து கேட்டுப் பழகிய சிரிப்பு. ஆனால் சவரிராஜ் ஆட்டம் நடத்திய ஐந்து வருஷத்தில் ஒருநாளும் அவன் இப்படிச் சிரித்ததில்லை.

ஆட்டம் என்றால் பந்தும் மட்டையும் இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, வாய்ப்பேச்சிலேயே ஒரு கற்பனை உலகத்தில் உலாவுவது. ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் செய்ய நினைப்பதைச் சொல்லி இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பலித்ததா இல்லையா என்று அவர் சொல்வார். ஐந்து வருஷம் அந்த நாற்காலி சவரிராஜுடையது. இப்போது அதில் உட்கார்ந்திருப்பவள் நிரஞ்சனா. பாலிகிளினிக் கவுண்டரில் வேலை பார்ப்பவள், இந்த ஆட்டத்தையே சவரிராஜிடம்தான் கற்றுக்கொண்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவள் நடத்துவது 'உப்புவாசல்' என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உப்புவாசல் அச்சில் வந்த சாகசப் புத்தகம். கால்வாய்கள் ஓடும் ஒரு நகரம். அதன் தலைவரை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். கொன்றவரை ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் சவரிராஜ் அதை வாங்கினான். ஜூரோங்கில் தான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையின் பாதுகாப்புப் பட்டியலைச் சரிபார்க்கிற அதே கவனத்தோடு, பக்கம் பக்கமாகப் பென்சிலில் குறிப்பெழுதித் தயாரானான். நடத்தியபோது மூன்றாம் அத்தியாயத்திலேயே கவிழ்ந்தது. குகைக்குள் இறக்கிவிட்டால் ஆட்டக்காரர்களுக்கு ஒரே வழிதான். நகரத்தில் விட்டால் கண்ட தெருவிலும் நுழைவார்கள். "அந்த வீட்டுல யாரு இருக்கா?" என்று ஜோனத்தன் கேட்பான். "அங்க ஒண்ணுமில்ல, நீங்க சந்தைக்குப் போங்க" என்பான் சவரிராஜ். புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் ஆங்கிலப் பத்திகளை அவன் வாசித்து முடிப்பதற்குள் எல்லோர் கையிலும் போன் வந்துவிடும். கடைசியில், "புக்கே சரியில்ல, தேறாது. நீ வேணா வச்சுக்க" என்று நிரஞ்சனாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

தேறாத புத்தகம் எட்டு மாதமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் நடந்துகொண்டிருக்கிறது. சவரிராஜ் வேறொரு கதையைத் தொடங்கப் போவதாகக் குழுவில் செய்தி போட்டான். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்களே தவிர, ஆள் வரவில்லை. போதாக்குறைக்கு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதெல்லாம் ஜோனத்தன் ஆரம்பித்துவிடுவான். "டேய், நேத்து பேச்சி என்ன சொன்னா தெரியுமா?" பேச்சி என்பவள் உப்புவாசலில் தோணி ஓட்டுகிறவளாம். வாரா வாரம் ஒரு பேச்சி கதை. சவரிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவான்.

போன ஞாயிறு ஜோனத்தனே கூப்பிட்டான். "ரக்ஷனா ஒரு மாசம் மெல்பர்ன்ல இருக்கா. ஒரு சேர் காலி. வா லா, சும்மா வந்து ஆடு."

சும்மா ஆட வரவில்லை சவரிராஜ். இந்த மேசை கலைய வேண்டும், ஜோனத்தன் தன் மேசைக்குத் திரும்ப வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தான்.

"அண்ணே, வாங்க வாங்க!" நிரஞ்சனா எழுந்தே நின்றாள். அந்த மரியாதைகூட அவனைக் குத்தியது. அரண்மனைக் கதவுக் காவலாளி என்று எழுதிய ஓர் அட்டையை நீட்டினாள். "இதுதான் உங்க ஆளு. ஒண்ணே ஒண்ணு அண்ணே, நீங்க புக் படிச்சவரு. தெரியாத மாதிரியே ஆடணும், ஓகேவா?"

"எனக்கே சொல்றியா? அந்த ரூலை உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்."

பொய்யில்லை. முன்பு ஒருமுறை ஆரிஃப் இணையத்தில் முடிவைப் படித்துவிட்டு வந்தான் என்று, இரண்டு வாரம் மேசையில் சேர்க்காமல் அவனை ஓரமாக உட்கார வைத்தவன் சவரிராஜ். அந்த ஆரிஃப் இப்போது எதிரில் உட்கார்ந்து, பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. ஜோனத்தனும் ஆரிஃபும் அக்கரைக்குப் போக வேண்டும் என்றார்கள். புத்தகத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரே வரி என்று சவரிராஜுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு படகு உங்களை அக்கரையில் சேர்க்கிறது, அவ்வளவுதான். நிரஞ்சனா புத்தகத்தைத் திறக்கவேயில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, தாடையை முன்னால் தள்ளினாள்.

"ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா கரையிலயே கெட. உன் மூஞ்சிக்காக என் தோணி காத்துக் கெடக்கணுமா?"

மேசை அதிர்ந்தது. ஜோனத்தன் சிரித்துக்கொண்டே பேச்சியிடம் வாய் கொடுத்து, வசவு வாங்கி, அந்த வசவுகளுக்கு நடுவிலிருந்தே மூன்று துப்புகளைப் பொறுக்கித் தன் நோட்டில் எழுதினான். எட்டு மாதமாக அம்புக்குறிகளும் கேள்விக்குறிகளுமாக அவன் நிரப்பிவந்த நோட்டு. சவரிராஜின் மேசைக்கு அவன் பேனாகூடக் கொண்டுவந்ததில்லை.

"பாத்தியா?" என்றான் ஜோனத்தன், சவரிராஜ் பக்கம் சாய்ந்து. "இவ இல்லன்னா இந்த ஊரே இல்லடா."

அதற்குமேல் சவரிராஜுக்குத் தாங்கவில்லை.

"என் காவலாளி நேரா அரண்மனையில விளக்கு ஏத்துற விளக்குக்காரன்கிட்ட போய் அவன் கழுத்தப் பிடிக்கிறான்" என்றான். குரல் அவனுக்கே உரக்கக் கேட்டது. "தலைவருக்கு விஷம் வச்சது அந்த விளக்குக்காரன்தான். விஷக் குப்பி மாடிப்படியில மூணாவது படிக்குக் கீழ இருக்கு."

ஆரிஃப் பகடையைக் கீழே வைத்தான். "இதுக்குத்தான அண்ணே, என்னை ரெண்டு வாரம் ஓரமா உக்கார வச்சீங்க?" ஜோனத்தன் சவரிராஜைப் பார்க்கவேயில்லை. நோட்டை மெல்ல மூடினான். அந்த நோட்டு மூடியதைப் பார்க்க சவரிராஜுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு மூலை, சரி, ஒழிந்தது, முடிந்தது இந்த ஆட்டம் என்றது.

நிரஞ்சனா சவரிராஜ் பக்கம் திரும்பினாள்.

"உங்க காவலாளிக்கு இது எப்படித் தெரியும் அண்ணே?"

"ஒரு யூகம்தான்."

"மூணாவது படி கூடவா?"

அவன் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான்.

"மேசையில சொன்னது சொன்னதுதான். நான் அழிக்க மாட்டேன்" என்றாள் நிரஞ்சனா. கோபமில்லாமல், கிளினிக்கில் வரிசை எண் சொல்கிற குரலில் சொன்னாள். "அப்ப ஒரே வழிதான் இருக்கு. விளக்குக்காரன் குப்பிய ஒளிச்சப்ப காவலாளி பக்கத்துலயே நின்னிருக்கான். கதவைத் தொறந்து விட்டதே அவன்தான்."

ஜோனத்தன் தலை நிமிர்ந்தது. நோட்டை வெடுக்கென்று திறந்து, பழைய பக்கங்களைப் புரட்டினான். "ஏய்! தலைவர் செத்த அன்னைக்கு ராத்திரி கதவு உடையவே இல்ல! நாமதான் அதை விட்டுட்டோம்!"

"பிடி அவன!" என்று ஆரிஃப் பகடையை உருட்டினான். பத்தொன்பது.

காவலாளியைக் கட்டித் தோணியில் ஏற்றினார்கள். சிறைக்கு நீர்வழிதான் பாதை. பேச்சி துடுப்புப் போட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"சோறு போட்ட வீடுடா அது" என்றாள் பேச்சி. "அங்கயா விஷம் வைக்கக் கதவு தொறந்த? இன்னொருத்தன் நாற்காலியில உக்காந்தான்னு உனக்கு என்னடா அவ்ளோ எரிச்சல்?"

நிரஞ்சனா தெரிந்து சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா என்று சவரிராஜுக்குப் புரியவில்லை. குனிந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் மற்றவர்கள் தே தாரிக் டீ வாங்கக் கீழே போனார்கள். மேசையில் சவரிராஜும் நிரஞ்சனாவும் மட்டும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவனுக்கு வேறுதான் வந்தது.

"பேச்சி நல்லாத்தான் இருக்கா. புக்ல கிடையாது. எங்கேருந்து பிடிச்ச?"

நிரஞ்சனா புருவத்தைச் சுருக்கினாள். "விளையாடுறீங்களா அண்ணே? அவ உங்க ஆளு."

புத்தகத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். படகைப் பற்றிய அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அவன் கையெழுத்து. 'தோணிக்காரி. பெயர் பேச்சி. எல்லோரையும் திட்டுவாள். ஊர் வம்பு எல்லாம் தெரியும்.'

என்னுடையவள்! ஒரு நொடி சவரிராஜுக்கு உச்சி குளிர்ந்தது. படியில் ஜோனத்தனின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வரட்டும், காட்டுகிறேன். பார், நீ எட்டு மாதமாகக் கொண்டாடுகிறவள் யார் பெற்ற பிள்ளை என்று பார்.

அப்புறம்தான் பென்சில் கோடு கண்ணில் பட்டது. அந்த நான்கு வாக்கியங்களின் மேலும் அளவுகோல் வைத்து நேராக இழுத்த கோடு. அதற்குக் கீழே அதே கையெழுத்தில், 'புத்தகத்தில் இல்லை. வேண்டாம்.'

ஜோனத்தன் மூன்று பை தே தாரிக்கோடு வந்து நின்றான். "என்னடா பாக்குற?"

"ஒண்ணுமில்ல" என்று சவரிராஜ் புத்தகத்தை மூடினான். எட்டு மாதமாக நிரஞ்சனாவைப் பார்த்து எரிந்த வயிறு இப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஜோனத்தன் ஒரு பையை அவன் முன்னால் வைத்தான். ஒன்றும் சொல்லாமல்தான் வைத்தான், ஆனால் வைத்தான்.

"அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்று சவரிராஜ் நிரஞ்சனாவிடம் கேட்டான்.

"ரெண்டு மணிக்கு அண்ணே. ஆனா நீங்க ஜெயில்ல இருப்பீங்க. நாள் பூரா சும்மாதான் உக்காந்திருக்கணும்."

"பேச்சி வருவாளா?"

"சோறு கொண்டு வருவா. திட்டிக்கிட்டே குடுப்பா."

"சரி" என்றான் சவரிராஜ். "திட்டட்டும்."