கீழப்பூடிக் கல்லில் நின்ற ஆறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் ஐப்பசி ஏழாம் தேதி, பொழுது விடிந்து இரண்டு நாழிகைக்கு, ஆரணியாறு எல்லைக் கல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மேலே மலையில் பிறந்து, பிச்சாட்டூர், நாகலாபுரம் பக்கமெல்லாம் நெல்லும் கேழ்வரகும் விளையவைத்து, கடைசியில் பழவேற்காட்டு ஏரியில் போய் விழுகிற ஆறு. வருஷத்தில் இரண்டு மாசம்தான் ஓடும். மிச்ச நாளெல்லாம் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துத்தான் குடியும் வெள்ளாமையும். அந்த ஆறு கல்லுக்கு மேற்கே ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. கிழக்கே கீழப்பூடி மணல் உலர்ந்து கிடந்தது. உள்ளே கெண்டை மீன் போவதைக் கீழப்பூடிக்காரர்கள் இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு நாகலாபுரம் சந்தையில் கத்தரிக்காய் வீசை நாலணா.

கல் நட்டது அந்த வருஷம் பங்குனியில். ஆந்திரா தனியாகப் போய் ஏழு வருஷம் இழுபறியாகக் கிடந்து, ஒருவழியாக எல்லை முடிவாகி, மேலப்பூடி ஆந்திராவுக்கும் கீழப்பூடி மெட்ராசுக்கும் என்று ஆனது. சர்வேக்காரர்கள் வறண்ட ஆற்றுக்கு நடுவே கருங்கல்லை இறக்கிவிட்டு ஜீப் ஏறிப் போனார்கள். ஊர் எல்லையில் கல் நட்டால் அதற்குப் பலி கொடுத்துக் காவல் சொல்லாமல் விடுகிற வழக்கம் கீழப்பூடியில் கிடையாது. அது சாமி கல்லா, சர்க்கார் கல்லா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் ஊற்றுத் தண்ணீரில் வாந்திபேதி வந்து பதினொரு பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. கங்கம்மா கோயில் பூசாரி நாகபூஷணம் கல்லுக்கு மஞ்சள் பூசி, சேவல் அறுத்து, ரத்தம் காய்வதற்குள் சொன்னார்: "ஆத்தோட வர்றது எதுவும் இந்தக் கல்லைத் தாண்டக் கூடாது." பாவி மனுஷன், பேதி என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கல் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டது.

நாகபூஷணம் நாற்பது நாள் கல்லண்டை கெஞ்சினார். இன்னும் மூன்று சேவல் அறுத்தார். கடப்பாரை போட்டு நெம்பினதில் கடப்பாரைதான் வளைந்தது. இரண்டு பக்கத்து ஆபீசுக்கும் மனு போனது. தண்ணீர் எல்லை மீறவில்லை என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி பதில் வந்தது. கீழப்பூடியில் நாற்று கருகியது. அது போகட்டும் என்றுகூட விட்டிருப்பார். அவருக்கு ஒரே பெண் யசோதா, மேலப்பூடி கோவர்த்தனனுக்குக் கொடுத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் பின்னாலேயே ஏறி அவள் வாசலுக்கு வந்திருந்தது. "வூட்டை வுட்டுட்டு இங்க வந்துடு" என்று நாகபூஷணம் இரண்டு தடவை கரையோடு நடந்து போய்க் கூப்பிட்டார். "எருமையை யாரு பாத்துக்குவாங்க நைனா, மலையில மழை விடட்டும்" என்றாள் அவள்.

மலையில் மழை விடவில்லை. கார்த்திகையில் மேலப்பூடிக்காரர்கள் கூரை மேல் ஏறி உட்கார்ந்த அன்றைக்கு, எருமையை அவிழ்க்கப் போன யசோதா மேல் மண் சுவர் விழுந்தது. ஆறு அவளைக் கொண்டுவந்து கல்லண்டை நிறுத்தியது. தாண்டவில்லை. பெற்றவர் உலர்ந்த மணலில் நின்று, தண்ணீருக்குள் கூந்தல் அவிழ்ந்து நிற்கிற பெண்ணை இரண்டு முழ தூரத்தில் பார்த்தார். கையை நீட்டினால் அது அவர் பெண் வரைக்கும் எட்டவில்லை, வெறும் ஈரம்தான் பட்டது; எட்டினாலும் இந்தப் பக்கம் இழுக்கக் கல் விடாது. கரையைச் சுற்றி மேற்கே ஓடி, வெள்ளத்தில் குதித்து, அதன் போக்கிலேயே மிதந்து வந்து பெண்ணை எடுத்துக் கரை சேர்த்தார். கோவர்த்தனன் மேலப்பூடி மேட்டில் கொள்ளி வைத்தான்.

காரியம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினவருக்குக் கல்லுக்கு நேரே வந்ததும் கால் எழும்பவில்லை. கரை மேல் ஏறிப் பார்த்தார், புளியந்தோப்பு வழியாகச் சுற்றிப் பார்த்தார். அந்தக் கோட்டில் எங்கே வைத்தாலும் கால் நின்றது. அவரும் இப்போது ஆற்றோடு வந்தவர்தானே. சொன்ன வாய் அவருடையது, யாரைப் போய் நோவது? அங்கேயே பனையோலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்.

அவர் சம்சாரம் சந்திரம்மா தினம் உச்சி வேளைக்குக் களியும் கீரையும் கொண்டுவந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் வைப்பாள். இங்கிருந்து போவதைக் கல் தடுக்கவில்லை. அவர் தின்று முடிக்கிறவரைக்கும் இவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம் இப்படியே போனது. அதற்குள் கீழப்பூடியில் பாதி வீடு ஊத்துக்கோட்டைக்குக் கூலிக்குப் போய்விட்டது. அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் சந்திரம்மா களிச் சட்டியோடு கோட்டைத் தாண்டி, அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நேரே தண்ணீரண்டை போனாள்.

"காலை நனைச்சிடாதே. அப்பறம் திரும்பிப் போவ முடியாது."

"போயி? அங்க யாருக்கு ஆக்கிப் போடப் போறேன்?"

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, நாலடி ஆற்றோடு நடந்து கரையேறினாள். அடுத்த எலக்சன் லிஸ்ட்டில் மேலப்பூடியில் இரண்டு பேர் தெலுங்கில் கூடியிருந்தது. கீழப்பூடி லிஸ்ட்டில் அவர்கள் பேரை அடித்துவிட்டு, எழுதுகிறவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.